சேமக்காலைத் தண்ணீர்

வாகனம் இல்லாத ரோட்டில் ஒருமுறையாவது சைக்கிள் ஓட வேண்டும் என்பது என் கணவர் நேசனின் ஆசை. எங்கள் வீடு கனடாவில், ரொறன்ரோப் பக்கம், மில்லிக்கனில். அவருக்கு வேலை ஒஷாவாவில், கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில். நடுவில் கிடக்கும் நெடுஞ்சாலையில் அவர் உட்கார்ந்திருந்த நேரத்தைச் சேர்த்தால் இன்னொரு படிப்புப் படித்து முடித்திருக்கலாம். ஓய்வு பெற்ற கிழமையே ஒரு சைக்கிள் வாங்கினார். ஸ்டீல்ஸ் வீதியில் ஒரேயொரு நாள் ஓடினார். பின்னால் வந்த லொறிக்காரன் அடித்த ஹோர்னில் புல்லுக்குள் இறங்கியவர், அங்கிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். பிறகு விட்பியில் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஏரிக்கரைப் பாதையில் ஓடிப் பார்த்தார். அங்கே நாய் பிடித்து நடப்பவர்கள் அவரை ஓட விடவில்லை.

அப்போதுதான் பிரான்சில் லுவார் என்று ஓர் ஆறு இருப்பதைக் கண்டுபிடித்தார். கரை நெடுகச் சின்ன ரோட்டுகள், ஏற்றம் இறக்கம் இல்லை, மணிக்கணக்காக ஓடினாலும் ஒரு காரைக் காண்பது அரிது. அந்த வீடியோக்களை இரவில் அவர் பார்க்கிற விதத்தைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும். போவோம் என்றேன். ஒக்டோபர் கடைசியில்தான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். குளிருமே என்றேன். சனம் குறைவாக இருக்கும் என்றார். நானும் நம்பினேன்.

எங்கள் குடும்ப டொக்டர் மட்டும் சுலபத்தில் சம்மதிக்கவில்லை. நேசனுக்குப் பல வருடமாகச் சலரோகம், சுகர் வருத்தம். காலையும் மாலையும் குளிசை. கடைசியில் நிபந்தனை போட்டு அனுப்பினார்: நேரத்துக்குச் சாப்பாடு, கையில் எப்போதும் இனிப்பு, ஆளைத் தனியே விடக்கூடாது. அந்தக் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் சைக்கிள் மிதித்தால் ஆள் விழுந்துவிடுவார் என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் டொஃபிப் பைக்கற்றும் பிஸ்கற்றும் வாங்கி, நேசனுடைய சைக்கிளின் முன்பைக்குள் போடுவதற்கென்று தனியாகக் கட்டி வைத்தேன்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் மகள் அபிக்குக் கல்யாணமாகிப் பல வருடம். பிள்ளை இல்லை. வைத்தியம் செய்து செய்து ஒவ்வொரு முறையும் கைகூடாமல் போய், இந்த வருட நடுவில் ஒருநாள் எங்கள் இருவரையும் சோபாவில் இருத்தி வைத்துச் சொன்னாள்: "இனி இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம். நேர்த்தி, விரதம், ப்ரேயர் லிஸ்ட் ஒண்டும் வேண்டாம். ஐ மீன் இட். எனக்காக நீங்க ஒண்டுமே செய்யக்கூடாது." நாங்கள் இருவரும் தலையாட்டினோம். நான் மன்னார்க் கத்தோலிக்கப் பெண், நேசன் யாழ்ப்பாணத்துச் சைவம். தலையாட்டுவதில் இரண்டு சமயத்துக்கும் வித்தியாசம் இல்லை.

முதல் நாள் காலை நான் கண் விழித்தபோது வெளியே நல்ல இருட்டு. நேசன் தலைக்குத் தோய்ந்துவிட்டு ஈரத் துவாயுடன் ஜன்னலடியில் நின்றார். கிழமைக்கு ஒருமுறை மட்டும் தலையில் தண்ணீர் வைக்கிற மனிதர். பிரான்ஸ் காற்று என்று நினைத்துக்கொண்டேன். காலைச் சாப்பாட்டுக்கு விடுதிக்கார அம்மா குரோசானும் பாணும் பிளம்ஸ் ஜாமும் கொண்டுவந்து வைத்தார். இவர் பால் மட்டும் குடித்தார். குரோசானை நாப்கினில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வழியில் சாப்பிடுவம் என்றார். குளிசையை மட்டும் மறக்காமல் போட்டார்.

ரோட்டைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆறு அகலமாக, அவசரமில்லாமல், நடுநடுவே மணல் திட்டுகளோடு போகிறது. அணைக்கட்டின் மேல் ரோட்டு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அறுவடை முடிந்த சோள வயல், அதற்கப்பால் வெள்ளைக் கல்லில் கட்டிய வீடுகள். எங்களைக் கடந்து போனது ஒரு தபால் வான், பிறகு ஒரு டிராக்டர், அவ்வளவுதான். டிராக்டர்காரன் கையைத் தூக்கிக் காட்டினான். ஸ்கார்பரோவில் ஒருவன் காருக்குள்ளிருந்து கையைத் தூக்கினால் அதற்கு வேறு அர்த்தம்.

மத்தியானம் தண்ணீர் முடிந்துவிட்டது. வழியில் வந்த கிராமத்தில் கடை பூட்டு, பாண் கடையும் பூட்டு, ஜன்னல்களெல்லாம் சாத்திக் கிடந்தன. எதிரே வந்த ஒரு வயதான சைக்கிள்காரர் இங்கிலீஷில் வழி சொன்னார். இந்த நாட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் செத்தவர்களிடம் போக வேண்டுமாம். ஒவ்வொரு ஊர்க் கல்லறைத் தோட்டத்திலும் பூச்சட்டிகளுக்கு ஊற்ற ஒரு குழாய் இருக்கும், எல்லாச் சைக்கிள்காரர்களும் அங்கேதான் நிரப்புகிறார்கள் என்றார். எங்கள் கத்தோலிக்கச் சனம் கல்லறைத் தோட்டத்தைச் சேமக்காலை என்று சொல்லும். எனக்கு அதில் பயமோ கூச்சமோ கிடையாது. உள்ளே போய் இரண்டு போத்தலையும் நிரப்பிக்கொண்டு வந்தேன். நேசன் கேற்றுக்கு எட்டவே நின்றார். போத்தலை வாங்கி மரியாதையாகச் சைக்கிளில் செருகியவர், கொஞ்சத் தூரம் போனதும் புல்லில் ஊற்றிவிட்டதை நான் கண்டுவிட்டேன்.

அன்று பின்னேரம் எங்களுக்குள் சண்டை. இத்தனை வருடம் என்னோடு இருந்துவிட்டு, என் சனத்தின் தண்ணீர் உங்களுக்குத் துடக்காகிவிட்டதா, தீட்டாகிவிட்டதா என்று கேட்டேன். அவர் சைக்கிளுக்குக் காற்றுப் பார்க்கப் போய்விட்டார். இரவும் வயிறு சரியில்லை, பிளேன் பயணம் என்று சொல்லிப் பாலும் ஒரு வாழைப்பழமும் எடுத்தார். நான் கோபத்தில் அவருடைய சூப்பையும் சேர்த்துக் குடித்தேன்.

இரண்டாம் நாள் சந்தை நடக்கும் ஊர் ஒன்றைக் கடந்தோம். ஊரெங்கும் செவ்வந்திச் சட்டிகள், மஞ்சளும் ஊதாவுமாக. மரித்த ஆன்மாக்களின் திருநாள் வருகிறதல்லவா, கல்லறைக்கு வைப்பதற்காக. சந்தையில் ஆட்டுப்பால் சீஸ் விற்றார்கள். நீளமாக உருட்டி, மேலே சாம்பல் பூசியிருந்தது. இந்த ஊரில் சீஸும் வீபூதி பூசிக்கொண்டுதான் வெளிக்கிடுகிறது என்று நேசனைச் சீண்டினேன். சிரித்தார். ஒரு துண்டு வாயில் வைக்கக் கொடுத்தேன், பிறகு என்று தள்ளினார். சீஸ் என்றால் ஃபிரிட்ஜைத் திறந்து நின்றபடி தின்கிற ஆள் இவர்.

அந்தப் பின்னேரம் என்னுடைய சங்கிலி கழன்றது. குனிந்து அதை மாட்டப் போன நேசனின் கை நடுங்கியது. பல்லில் மாட்டவே முடியவில்லை. முப்பது வருடம் இயந்திரங்களோடு வேலை செய்த கை. குளிர் என்றார். நானே கையில் கிரீஸ் பூசிக்கொண்டு மாட்டினேன். சுகர் பார்த்தீர்களா என்று கேட்டேன். காலையில் பார்த்தேன், நல்லாய்க் குறைந்திருக்கிறது என்றார். சலரோகம் உள்ள வீட்டில் குறைந்திருக்கிறது என்றால் நல்ல செய்தி. நானும் சந்தோஷப்பட்டேன்.

வழியில் கோவில் திறந்திருந்த ஊர்களில் எல்லாம் நான் உள்ளே போனேன். பழைய கட்டடக் கலை, ஒருதரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போய், மாதா சுரூபத்துக்கு முன்னால் அபியின் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவேன். அவள் வேண்டாம் என்றது எனக்குத் தெரியும். மாதாவுக்கு அபி ஒன்றும் சொல்லவில்லையே. நேசன் வெளியே சைக்கிளுக்குக் காவல்.

மூன்றாம் நாள் அவர் பேச்சே குறைந்துவிட்டது. ஒரு பாலத்தடியில் இளைப்பாறினோம். நான் தண்ணீர்க் கரைக்குப் போய்த் திரும்பி வரும்போது அவர் குரோசானைப் பிய்த்து வாத்துகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஏனப்பா என்று கேட்டேன். பாவம் அதுகள் என்றார். இரவு விடுதியில் எங்கள் வாசல் சட்டியில் இருந்த செவ்வந்தியில் ஒன்றை யாரோ முறித்துவிட்டார்கள் என்று வீட்டுக்காரி குறைபட்டாள், அது அவளுடைய தகப்பன் கல்லறைக்கு வைத்திருந்த சட்டியாம். நேசன் தலையைக் குனிந்துகொண்டு பால் குடித்தார். எனக்கு அன்று இரவு சரியாக நித்திரை இல்லை. ஏதோ பிழை என்று மனம் சொன்னது. என்ன பிழை என்றுதான் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலை பனிப்புகார். ஆறு தெரியவில்லை, ரோட்டின் மறுகரை தெரியவில்லை. எங்கள் சூட்கேஸ் வழமைபோல, ஒவ்வொரு நாளும் பொதிகளை ஏற்றிப்போகிற வானில் அடுத்த விடுதிக்குப் போய்விட்டது, சுகர் பார்க்கும் கருவியும் அதோடு போய்விட்டது. மெல்ல ஓடி ஒரு சின்ன ஊருக்கு வந்தோம். கோவில் கதவு திறந்திருந்தது. நான் இறங்கினேன். நேசன் இறங்கவில்லை. "நான் மெல்ல மெல்லப் போறன். நீர் பார்த்திட்டு வாரும்" என்றார். நின்றால் திரும்பவும் ஏற முடியாது என்ற நிலையில் அவர் இருந்திருக்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. ஆளைத் தனியே விடக்கூடாது என்று டொக்டர் சொன்னது என் காதில் ஒலித்தது. ஒரு மெழுகுதிரி எரிகிற நேரந்தானே என்று உள்ளே போனேன்.

வெளியே வந்தபோது ரோட்டில் எவரும் இல்லை. ஊர் முடிவில் ரோட்டு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று அணைக்கட்டின் மேல், மற்றது கீழே திராட்சைத் தோட்டத்துக்குள். போன் எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. அணைக்கட்டு ரோட்டில் ஏறி மிதித்தேன். புகார் கொஞ்சம் விலகி, நேரான ரோட்டு நெடுந்தூரம் தெரிந்தது. அதில் ஒரு சைக்கிளும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத் துவக்குச் சத்தம் கேட்டது. பக்கத்துக் காட்டில், இரண்டு வெடி. நான் யோசிப்பதற்கு முன்னமே சைக்கிளைப் போட்டுவிட்டுக் கரையோரப் பள்ளத்துக்குள் படுத்துவிட்டேன். மன்னாரை விட்டு வந்து எத்தனையோ காலம், உடம்புக்கு அது தெரியாது. முகத்தில் ஈரப்புல் பட்ட பிறகுதான் விடுதிக்கார அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது: சனி ஞாயிறுகளில் பன்றி வேட்டை நடக்கும், பயப்பட வேண்டாம். எழும்பி உடுப்பைத் தட்டினேன்.

ஊருக்குத் திரும்பி வந்து இரண்டு வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒருவரும் திறக்கவில்லை. ஒரு கார் வந்தால் மறித்துக் கேட்கலாம். ஒரு கார் இல்லை. ஒரு மோட்டார் சைக்கிள் இல்லை. நெடுஞ்சாலையில் எத்தனையோ நாள் நான் திட்டித் தீர்த்த அந்த வாகனங்களில் ஒன்றே ஒன்று, ஒரு பாரலொறி வந்து ஹோர்ன் அடித்தால் போதும் என்று இருந்தது. இந்த வெறும் ரோட்டுக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று வாய்விட்டுச் சொல்லியபடி தோட்டத்து ரோட்டில் மிதித்தேன்.

வளைவு தாண்டியதும் ஒரு வெள்ளை மதில், மேலே சிலுவைகள். மதிலின் வெளிப்புறத்தில் சைக்கிள் சரிந்து கிடந்தது. பக்கத்தில் நேசன் மதிலோடு சாய்ந்து இருந்தார். அந்தக் குளிரிலும் சேர்ட் தொப்பலாக நனைந்து, முகம் சாம்பலாகிக் கிடந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.

"ஷிஃப்டுக்கு நேரம் போச்சு" என்றார். "காரைத் திருப்பும்."

சுகர் இறங்கிவிட்டது. இனிப்பு, உடனே. அவருடைய முன்பையைத் திறந்தேன். டொஃபி இல்லை, பிஸ்கற் இல்லை. கையை விட்டுத் துழாவினேன். ஒரு சின்ன முருகன் படம், வீபூதிப் பொட்டலம், வாடிய ஒரு மஞ்சள் செவ்வந்தி.

ஐப்பசி மாதம். கந்த சஷ்டி. இவருடைய அக்கா வருடா வருடம் ஆறு நாளும் பிடிப்பார், மில்லிக்கனில் இருந்திருந்தால் அவருடைய ஒரு போன் அழைப்பிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். பிள்ளை வரம் கேட்டுப் பிடிக்கிற விரதம். யாருக்காக என்று நான் யோசிக்கவே தேவையில்லை. ஒக்டோபர் கடைசிதான் என்று ஒற்றைக்காலில் நின்றது, விடிய முன்னம் தோய்ந்தது, கல்லறைத் தண்ணீரை ஊற்றியது, வாத்துகளுக்குக் குரோசான் போட்டது, இனிப்பை எடுத்துவிட்டுப் பைக்குள் முருகனை வைத்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. சாப்பாட்டை நிறுத்தியவர் குளிசையை நிறுத்தவில்லை. குளிசை டொக்டர் சொன்னது, சாப்பாடு தன்னுடைய விருப்பம் என்று நினைத்திருக்கிறார். இப்படி ஒரு நேர்மையான மடைத்தனத்தை எங்கள் ஆட்களால்தான் செய்ய முடியும்.

என் பையில் இருந்தது உப்பு பிஸ்கற் மட்டும். அதை மென்று விழுங்குகிற நிலையில் அவர் இல்லை. அப்போது ஒரு காரின் சத்தம் கேட்டது. சின்ன வெள்ளைக் கார் கேற்றடியில் வந்து நின்று, ஒரு வயதான பெண் செவ்வந்திச் சட்டியோடு இறங்கினார். நான் ஓடினேன். ஓடும்போதே எனக்கு இங்கிலீஷ் மறந்துவிட்டது, பிரெஞ்சு முதலே இல்லை. ஆனால் ஒரேயொரு பிரெஞ்சுச் சொல் எனக்குத் தெரியும். கனடாவில் எல்லாச் சாப்பாட்டுப் பெட்டியிலும் ஒரு பக்கம் இங்கிலீஷ், மறு பக்கம் பிரெஞ்சு. இந்த மனிதருக்காகப் பல வருடமாகக் கடை கடையாக நின்று, எந்தப் பெட்டியில் சீனி கூட என்று திருப்பித் திருப்பிப் பார்த்த கண் இது. வேண்டாம் வேண்டாம் என்று விலக்கி வைத்த அந்தச் சொல்லை இப்போது கத்தினேன்.

"சூக்ர். சூக்ர்."

அந்த அம்மா நேசனைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தார். கோப்பிக் கடைகளில் கொடுக்கிற, கடதாசி சுற்றிய சீனிக்கட்டிகள், கைப்பை அடியில் ஒரு பிடி கிடந்தன. நான் கேற்றைத் தள்ளி உள்ளே ஓடி, குழாயில் போத்தலில் கொஞ்சம் தண்ணீர் பிடித்துவந்து, கட்டிகளைப் போட்டுக் குலுக்கி அவருடைய வாயில் வைத்தேன்.

நேசன் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். என்னைத் தெரியாது, இருக்கிற நாடு தெரியாது, ஆனால் அது மட்டும் தெரிந்தது. பல்லைக் கடித்தபடி "விரதம்" என்றார். போத்தல் கழுத்தால் தண்ணீர் வழிந்து அவருடைய நாடியில் ஒழுகியது. அந்த அம்மா அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுகிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவருடைய இரண்டு கன்னத்தையும் பிடித்து, முகத்தை என் பக்கம் திருப்பினேன்.

"இஞ்ச பாருங்கோ. மிச்சத்தை நான் பிடிக்கிறன். உங்கட முருகனிட்டை நான் சொல்லுறன், இனி இது என்ர விரதம். நீங்கள் விட்டிட்டியள். வாயைத் திறவுங்கோ."

என்ன விளங்கியதோ தெரியாது. திறந்தார். ஒரு மிடறு, பிறகு இன்னொரு மிடறு. அந்த அம்மா நிலத்தில் முழங்காலில் நின்றபடி கட்டிகளைப் பிரித்துப் பிரித்துத் தந்துகொண்டேயிருந்தார். காட்டுக்குள் இன்னொரு வெடி கேட்டது. இந்த முறை நான் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவருடைய கண் என் முகத்தில் வந்து நின்றது. "ஏனப்பா அழுறீர்?" என்றார். பிறகு கையில் இருந்த போத்தலைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார். "இது என்ன தண்ணி?"

"நல்ல தண்ணி" என்றேன். "குடியுங்கோ."

அந்த அம்மாவின் பெயர் ஒடெத். எங்களைக் காரில் ஏற்றிப் பக்கத்துப் பட்டினத்து டொக்டரிடம் கொண்டுபோனார். சைக்கிள்களை மதிலடியில் அப்படியே விட்டுவிட்டுப் போனோம். ரொறன்ரோவில் என்றால் திரும்பி வரும்போது மதிலும் மிஞ்சாது. டொக்டர் ஒரு இளம் பெண். அவர் பேச்சை ஒடெத்தின் போன் இங்கிலீஷாக்கியது. அந்தக் குளிசையை ஊருக்குப் போகும்வரை நிறுத்த வேண்டும், நேரத்துக்கு நேரம் சாப்பிட வேண்டும், இன்று படுத்திருக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

ஏன் சாப்பிடாமல் இருந்தார் என்று ஒடெத் கேட்டார். மகளுக்குப் பிள்ளை வேண்டி என்று போனில் எழுதிக் காட்டினேன். அவர் நேரமெடுத்து வாசித்தார். பிறகு சொன்னது இது: "என் புருஷனும் இப்படித்தான். தவக்காலத்தில் சாக்லேட் விடுவதாகக் கடவுளுக்குச் சொல்லிவிட்டு, கராஜுக்குள் போய்த் தின்பார். உன் ஆளிடம் கொஞ்சம் களவு பழகச் சொல்." பின்னேரம் எங்களை மதிலடிக்குத் திரும்பக் கூட்டிவந்தார். சைக்கிள்கள் அப்படியே நின்றன. செவ்வந்திச் சட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, கைப்பையில் மிஞ்சிய சீனிக்கட்டிகளை என் ஜாக்கெற் பொக்கற்றில் போட்டுவிட்டார்.

வாக்குக் கொடுத்தாயிற்று. இனி நான்தான் விரதகாரி. பெரிய வெள்ளிக்கு ஒருநேரக் கஞ்சி குடித்தே மாலையில் தலையிடி என்று படுக்கிற ஆள் நான். முதல் வேலையாக விடுதிக்குப் பக்கத்துக் கோவிலுக்குப் போய் மாதாவிடம் விஷயத்தைச் சொன்னேன். இவருடைய சைவச் சனம் எங்கள் மடு மாதா கோவிலுக்கு வந்து உன்னிடம் கேட்பதில்லையா, அப்படித்தான் இதுவும் என்றேன். மறுப்பு ஒன்றும் வரவில்லை.

அடுத்த நாள் சட்டத்தை நானே போட்டேன். அவர் முன்னால், நான் பின்னால், பார்வைக்கு அப்பால் போகக்கூடாது. இரண்டு பொக்கற்றிலும் சீனிக்கட்டி. அவருடைய முதுகு கொஞ்சம் சரிந்தாலும் என் கை பொக்கற்றுக்குப் போனது. அவர் நின்றால் நான் நின்றேன், அவர் இருமினால் பிரேக் பிடித்தேன். ஆற்றையோ கோட்டைகளையோ நான் பார்க்கவில்லை. அவருடைய சேர்ட் ஈரமாகிறதா என்பதை மட்டும் பார்த்தேன். மத்தியானம் ஓர் உணவகத்தில் அவருக்கு ஆற்று மீனும் வெண்ணெய்ச் சோசும் வந்தன. என் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர். குற்றம் செய்தவர் மாதிரி அவர் மீனைக் கிளறிக்கொண்டிருந்தார். "முள்ளை மட்டும் விட்டிட்டு எல்லாம் முடியவேணும்" என்றேன். முடித்தார். பக்கத்து மேசைக்காரி தன் புருஷனிடம், "அந்த ஆள் அவளுக்கு ஒரு துண்டும் கொடுக்கவில்லை, பார்" என்றாளாம். கிழக்கிலிருந்து வந்தாலும் ஆண்கள் ஒன்றுதான் என்று அவன் சொன்னானாம். பரிமாறிய பெண் சிரித்துக்கொண்டே எங்களுக்கு இங்கிலீஷில் சொன்னாள்.

அன்று இரவு அபி போன் எடுத்தாள். அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று கேட்டாள்.

"ஓம், எனக்கும் சேர்த்துச் சாப்பிடுறார்" என்றேன்.

"சூப்பர்" என்றாள். "கீப் இற் அப்."

ஆறாம் நாள், சூரன்போர் அன்று, திங்கட்கிழமை. திங்களில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கடை திறக்காது. பசியில் தலை சுற்றிக்கொண்டு, இவருக்குச் சாப்பாடு தேடி ஊர் ஊராகப் போனேன். கடைசியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் பொதி செய்த சான்ட்விச் கிடைத்தது. பிரான்சின் மிக மோசமான சான்ட்விச் அதுவாகத்தான் இருக்கும். அவர் அதை நான் பார்த்திருக்கத் தின்றார். தின்னும்போது அவருடைய கண் கலங்கியது. கடுகு என்றார். அந்தச் சான்ட்விச்சில் கடுகு இல்லை.

மறுநாள் விடியற்காலை பாறணை, விரதம் முடித்துச் சாப்பிடுகிற நேரம். நான் தலைக்குத் தோய்ந்துவிட்டு வந்தேன். முருகன் படத்துக்கு முன்னால் விடுதிக்காரியிடம் கேட்டு வாங்கிய ஒரு பூ. என் நெற்றியில் வீபூதி பூச அவருக்குத் தயக்கம், நான் குனிந்து காட்டினேன். பிறகு பாணும் வாழைப்பழமும் சூடான பாலும். அவரே பாணைப் பிய்த்துப் பாலில் தோய்த்துத் தந்தார். அந்த முதல் வாய்க்கு ஈடாக இந்த நாட்டில் ஒரு சாப்பாடும் இல்லை.

"அபிக்குத்தானே கேட்டனீர்?" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

பொய் சொல்லியிருக்கலாம். பாறணை அன்று வரவில்லை.

"இல்லையப்பா" என்றேன். "கேட்க வேணும் எண்டுதான் தொடங்கினனான். ஆனா வாயில வந்தது ஒண்டுதான். இந்த மனிசனை என்னட்டை விட்டு வையும் எண்டுதான் மூண்டு நாளும் கேட்டனான். பிள்ளைக்கு ஒண்டும் கேட்கேல்லை. நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண்."

அவர் மீதிப் பாணையும் பிய்த்து என் கோப்பைக்குள் போட்டார். கோபமா என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை.

அதுதான் எங்கள் கடைசி ஓட்டம். நல்ல வெயில், ஆறு மினுமினுத்தது. அவர் முன்னால், நான் பின்னால். அவருடைய முதுகு ஒன்றும் சொல்லவில்லை. பத்து மணிபோல் ஒரு கிராமத்து முடிவில் வெள்ளை மதிலும் சிலுவைகளும் தெரிந்தன. நேசன் பிரேக் பிடித்தார். சீனிக்கட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

அவர் நல்லாகத்தான் இருந்தார். தன் போத்தலைக் கழற்றினார், என் சைக்கிளில் இருந்த போத்தலையும் கழற்றினார். கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். செவ்வந்திச் சட்டிகளுக்கு நடுவே, கல்லறை கல்லறையாகத் தாண்டி, குழாயடிக்குப் போய்க் குனிந்து நின்று இரண்டையும் நிரப்பினார். வெளியே வந்து, தன்னுடையதில் முதலில் ஒரு மிடறு குடித்தார். பிறகு என்னுடையதை நீட்டினார்.

"குடியும்" என்றார். "நல்ல தண்ணி."